தாய்ப் படிவம்

தரணீஷுக்கும் மௌனிகாவுக்கும் தொண்ணூற்றிரண்டு வந்திருக்கிறது என்ற செய்தி புதன்கிழமை காலை பத்து மணிக்குள் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது. மீதிப் பேருக்குத் தரணீஷின் அப்பா ரங்கராஜ் மத்தியானச் சாப்பாட்டுக்குள் போன் போட்டுச் சொல்லி முடித்தார். அவர்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் எண்பத்தேழைத் தாண்டியதில்லை. அந்த எண்பத்தேழும் உடுமலைச் சித்தப்பாவின் மகளுக்கு வந்தது. நாலு வருடமாக எந்த விசேஷத்துக்குப் போனாலும் அந்த எண்ணைச் சொல்லாமல் சித்தப்பா பந்தியில் உட்கார்ந்ததில்லை.

“இனி அவன் வாயைத் தொறக்கட்டும், பார்க்கலாம்,” என்று அப்பா தொடையில் தட்டிக்கொண்டார். அம்மா கோகிலவாணி சமையலறையில் ரவா லட்டு பிடித்துக்கொண்டிருந்தாள். பொள்ளாச்சி முழுவதற்கும் கொடுக்கப் போகிற மாதிரி தாம்பாளம் தாம்பாளமாக அடுக்கிக்கொண்டே போனாள்.

அந்த வீட்டில் சந்தோஷமில்லாத ஆள் தான் ஒருவன்தான் என்று தரணீஷ் நினைத்துக்கொண்டான். மொட்டை மாடிக்குப் போனான். அங்கே நிற்க முடியாமல் இறங்கி வந்தான். காரை எடுத்தான், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நிறுத்தினான். அம்மா கேட்டதற்கு, டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்தேன் என்றான்.

ஒத்திகை என்ற அந்த ஏற்பாடு வந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. பெண்ணைப் பற்றியும் பையனைப் பற்றியும் கேட்கிற விவரங்களையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டால், இயந்திரம் இருவரையும் தனக்குள் உண்டாக்கி, கல்யாணம் செய்துவைத்து, நாற்பது வருடம் குடும்பம் நடத்த வைத்துப் பார்க்கும். வெளியே நமக்கு அது ஒரு மணி நேரம். முடிந்ததும் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு எண் வரும். முதலில் பெங்களூர்ப் பக்கம் பையன்கள்தான் விளையாட்டாகப் போட்டுப் பார்த்தார்கள். பிறகு நாலு விவாகரத்து ஆன வீடுகளில் போட்டார்கள். இப்போது ஜாதகம் பார்க்கிறவரே “மொதல்ல ஒத்திகை போட்டுட்டு வந்துருங்க, அப்புறம் நான் பார்க்கறேன்” என்கிற நிலைமை. அறுபதுக்குக் கீழே வந்தால் யாரும் அந்தச் சம்பந்தத்தைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை.

அம்மா ஒத்திகை என்று சொன்ன அன்றே தரணீஷ் சரி என்றுவிட்டான். முப்பத்தொரு வயது வரை ஏதேதோ சொல்லித் தள்ளிப் போட்டவன் ஒரே வார்த்தையில் சம்மதித்ததில் அப்பாவுக்கு ஆச்சரியம். அவனுக்கோ அது ஒரு திட்டம். இயந்திரம் முப்பதோ நாற்பதோ போடும். இன்னொரு சம்பந்தத்துக்கும் அப்படியே வரும். மூன்றாவதுக்கும் வரும். ‘பையனுக்கு அமைப்பு இல்லை’ என்று ஊர் சொல்லும், பெற்றவர்கள் கொஞ்ச நாள் அழுவார்கள், பிறகு விட்டுவிடுவார்கள். யாரும் யாரிடமும் எதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்காது. கோயம்புத்தூரில், வீட்டாருக்கு நண்பனாக மட்டும் தெரிந்த எபி என்ற எபிநேசரோடு ஏழு வருடமாக அவன் வாழ்ந்துவருகிற இன்னொரு வாழ்க்கை, இருக்கிற இடத்தில் அப்படியே இருந்துவிடும்.

ஆனால் வந்தது தொண்ணூற்றிரண்டு.

அன்று சாயங்காலம் அவன் ஈரோட்டு ஒத்திகை மையத்துக்குப் போன் செய்தான். ஷமீனா என்கிற அதிகாரி பேசினாள். எண்ணில் தவறு இருக்க வாய்ப்பு உண்டா என்று கேட்டதும், எண்பதுக்கு மேல் வந்தவர்கள் இப்படிக் கேட்பது இதுவே முதல் தடவை என்று அவள் சிரித்தாள். பிறகு பொறுமையாக விளக்கினாள். பேச்சு எப்படி, கோபம் எப்படி, பெரியவர்களை அனுசரிக்கிற குணம் எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். எதிலும் குறையில்லை.

“சந்தோஷமா இருப்பாங்களான்னு பார்க்குமா அது?” என்றான்.

“அப்படி நேராப் பார்க்காதுங்க சார். நாற்பது வருசத்துல இந்த ரெண்டு பேரும் பிரிவாங்களா, மாட்டாங்களா, அதைத்தான் பார்க்கும். ஜனங்க கேட்கறதும் அதைத்தானே?”

பிறகு ஞாயிற்றுக்கிழமை முகம் பார்ப்பதற்கு மறக்காமல் சீக்கிரம் வந்துவிடும்படி சொல்லிவிட்டு வைத்தாள்.

முகம் பார்ப்பது என்பது ஒத்திகையின் இரண்டாம் பகுதி. எண்ணைக் குடும்பத்தாரிடம் கொடுத்துவிடுவார்கள். அந்த நாற்பது வருடத்தில் என்ன நடந்தது என்பதை மட்டும் யாரிடமும் காட்ட மாட்டார்கள். அதற்குப் பதிலாக, ஒத்திகைக்குள் முப்பது வருடம் குடும்பம் நடத்தி வயதாகிவிட்ட பெண்ணோடு பையனும், வயதாகிவிட்ட பையனோடு பெண்ணும் ஆளுக்குப் பதினைந்து நிமிடம் தனியாகப் பேசலாம். மூத்தவர் என்று அதற்குப் பெயர். பேசிவிட்டு வந்து இரண்டு பேரும் சபையில் சம்மதம் சொல்ல வேண்டும். உடனே அங்கேயே பூ வைத்துவிடுவார்கள். முதலில் இது கம்பெனிக்காரர்களின் விதியாக இருந்தது. இப்போது பெரியவர்கள் அதற்கு நல்ல நேரம் குறிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை தரணீஷ் வேலையிலிருந்து பாதியில் கிளம்பினான். பம்ப் மோட்டார் வடிவமைக்கிற கம்பெனியில் வேலை. அன்று காலையிலிருந்து ஒரே வரைபடத்தை மூன்று தடவை அழித்திருந்தான். எபி இயன்முறை மருத்துவன். பக்கவாதம் வந்தவர்களுக்குக் கைகால் பயிற்சி கொடுக்கிற சின்ன மருத்துவமனை, கோயம்புத்தூர் ராமநாதபுரத்தில். தரணீஷ் போனபோது அவன் துண்டுகளை மடித்து அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

“தொண்ணூத்திரண்டாமே,” என்றான் எபி, திரும்பாமல். “உங்கம்மா காலையிலயே போன் பண்ணிச் சொன்னாங்க.”

தரணீஷ் நாற்காலியில் உட்கார்ந்தான், எழுந்தான், ஜன்னல் பக்கம் போனான். இயந்திரம் தவறு செய்துவிட்டது என்றான். முகம் பார்க்கும்போது அந்தப் பெண்ணின் மூத்தவளே ஏதாவது சொல்லிவிடுவாள், அதை வைத்து நிறுத்திவிடலாம் என்றான். மௌனிகாவுக்கே தன்னைப் பிடிக்காமல் போகலாம் என்றான். ஒவ்வொன்றையும் எபி கேட்டுக்கொண்டே துண்டு மடித்தான்.

“உனக்குப் பதிலா வேற யாராவது வேண்டாம்னு சொல்லணும். மெஷின் சொல்லணும், இல்லைன்னா அந்தப் பொண்ணு சொல்லணும். அடுத்து யாருடா? கலெக்டரா?”

“உங்க வீட்டுல நீ சொன்னப்போ ரெண்டு வருசம் உங்கப்பா உன்கிட்டப் பேசலை எபி.”

“பேசலை. மூணாவது வருசம் பேசினார். முதல் வார்த்தையா, சாப்டியான்னு கேட்டார்.” எபி கடைசித் துண்டை வைத்து அலமாரியை மூடினான். “நான் உன்னை ஒண்ணும் கேட்கலை. ஏழு வருசமாக் கேட்கலை. ஆனா உங்கம்மா என்னை ஞாயித்துக்கிழமை ஈரோட்டுக்கு வரச் சொன்னாங்க. மாப்பிள்ளைத் தோழனா உன் பக்கத்துல நிக்கணுமாம்.”

தரணீஷ் ஜன்னலை விட்டுத் திரும்பினான்.

“என்னால முடியாதும்மான்னு சொல்லிட்டேன். ஏன் முடியாது, என்ன வேலைன்னு அவங்க ஒரு வார்த்தை கேட்கலை. சரி கண்ணுன்னு வெச்சுட்டாங்க. அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருக்கு.”

வாசல் வரை கூட வந்தவன், காருக்குள் குனிந்து, சீட் பெல்ட் போடச் சொன்னான். அவ்வளவுதான். அவன் ஏதாவது திட்டியிருந்தால் தேவலை என்று வழியெல்லாம் தோன்றிக்கொண்டே இருந்தது தரணீஷுக்கு.

ஞாயிற்றுக்கிழமை மூன்று காரில் போனார்கள். மையத்தின் கூடத்தில் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து மௌனிகாவின் ஆட்கள் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் அப்பா தங்கவேல் எழுந்து வந்து இரண்டு கையாலும் தரணீஷின் கையைப் பிடித்துக்கொண்டார். “தொண்ணூத்திரண்டுங்க மாப்பிள்ளை! எங்க பக்கத்துல கேள்விப்பட்டதே இல்லைங்க,” என்றார். மௌனிகா இளம்பச்சைப் புடவையில் அத்தைமார் நடுவில் இருந்தாள். நிலத்தடி நீர்த் துறையில் பொறியாளர். போன மாதம் பெண் பார்க்கப் போனபோது, காபித் தட்டைக் கையில் கொடுத்து அனுப்பினார்களே தவிர காபி போட்டது தன் அண்ணன்தான் என்று தானாகவே சொல்லி அவனைச் சிரிக்க வைத்தவள். அவளைப் பிடிக்காமல் போக யாருக்கும் காரணம் இருக்க முடியாது. அதுதான் அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஷமீனா அவனை ஓர் அறைக்கு அழைத்துப் போனாள். எதிர்ச்சுவர் முழுவதும் திரை. அந்தத் திரைக்குள் இதே மாதிரி ஓர் அறை, ஒரு நாற்காலி, அதில் ஐம்பத்தொன்பது வயது மௌனிகா.

முன்பக்கம் நரைத்திருந்தது. மூக்குக் கண்ணாடி. அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “இப்படி இருந்தீங்க இல்ல, மறந்தே போச்சு,” என்றாள்.

என்ன கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. எப்படி இருந்தேன் உங்களிடம் என்று கேட்டான்.

நல்லவராக இருந்தீர்கள் என்றாள். முப்பது வருடத்தில் ஒரு நாள் சத்தம் போட்டுப் பேசியதில்லை. அவள் அப்பாவுக்கு இடுப்பு ஒடிந்தபோது ஆறு மாதம் அவரைத் தூக்கி உட்கார வைத்தது அவன்தான். மகள் பிறந்ததைச் சொன்னாள், அவள் படிப்பைச் சொன்னாள். சண்டை என்று நினைத்துப் பார்த்தால் மகளுக்கு ஸ்கூட்டர் வாங்கியது ஒன்றுதான் ஞாபகம் வருகிறது என்றாள். சொல்லச் சொல்ல அவனுக்குத் தொண்ணூற்றிரண்டு எங்கிருந்து வந்தது என்று புரிந்தது.

“நீங்க எப்படி இருந்தீங்க?” என்றான்.

அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். இயந்திரத்துக்குள் இருக்கிற ஒருத்தி கண்ணாடியைத் துடைக்க வேண்டிய அவசியம் என்ன என்று அவனால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

“மகள் பிறந்தப்புறம் நீங்க என் பக்கமே வரலை. எனக்குத்தான் ஏதோ குறைன்னு நினைச்சுட்டேங்க,” என்றாள். “நாலு டாக்டரைப் பார்த்தேன். சேலத்துல ஒருத்தர், கோயம்புத்தூர்ல ரெண்டு பேரு, அப்புறம் மெட்ராஸ். நாலு தடவையும் நீங்கதான் கார் ஓட்டிட்டு வந்தீங்க. நாலு தடவையும் வெளியில உட்கார்ந்திருந்தீங்க. கடைசியில உங்களை உள்ள கூப்பிட்டு, ரிப்போர்ட் எல்லாம் நார்மல்தான்னு டாக்டர் சொன்னதும், அப்பாடான்னு சிரிச்சீங்க. எனக்கு அப்பாடான்னு இல்லைங்க. ஒரு குறைன்னு சொல்லியிருந்தா மருந்து சாப்பிட்டிருப்பேன்.”

“நீங்க ஏன்... விட்டுட்டுப் போகலை?”

“என்னன்னு சொல்லிட்டுப் போறது? உங்க மேல சொல்ல ஒரு குத்தம் கிடையாதே.”

பதினைந்து நிமிடம் முடிவதற்குள் அவன் எழுந்து வெளியே வந்துவிட்டான்.

நடையில் அங்கும் இங்கும் நடந்தான். தண்ணீர்க் குழாயைத் திறந்தான், மூடினான். இவள் செய்த தப்பு என்ன? இல்லாத ஒருத்திதான், ஆனால் கூடத்தில் இளம்பச்சைப் புடவையில் ஒருத்தி இருக்கிறாள், அவள் இருக்கிறவள். அவன் இன்றைக்குத் தலையை ஆட்டினால் முதல் டாக்டரிடம் போவதற்கு இன்னும் நாலைந்து வருடம்தான்.

எதிர் அறைக் கதவு திறந்து மௌனிகா வந்தாள். அவள் முகம் சரியில்லை. சபைக்குப் போகுமுன் இருவரும் நடையில் ஐந்து நிமிடம் பேசிக்கொள்ளலாம் என்பது வழக்கம். ஷமீனா தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

“உங்ககிட்ட ஒண்ணு கேட்கோணுங்க,” என்றாள் மௌனிகா. “உங்க மூத்தவர்கிட்ட நான் பெருசா ஒண்ணும் கேட்கலை. உங்க வாழ்க்கையிலயே ரொம்ப சந்தோசமான நேரம் எதுன்னு கேட்டேன். கல்யாணம், குழந்தைன்னு ஏதாவது சொல்லுவார்னு. ‘ஞாயித்துக்கிழமை காலையில எபி வர்ற நேரம்’னாருங்க. அதோட நிறுத்திட்டாரு. அப்புறம் நான் என்ன கேட்டாலும் வாசல் பக்கமே பார்த்துட்டிருந்தாரு. மீதிப் பத்துப் பன்னண்டு நிமிசமும். அறுபத்தோரு வயசு ஆளுங்க.” அவள் குரல் இறங்கியது. “எபி யாருங்க?”

நண்பன் என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. பதினாலு வயதிலிருந்து அந்த மாதிரிப் பதில்களை அது தயாராகவே வைத்திருந்தது.

“எபி... நான் கூட வாழணும்னு நினைக்கிற ஆளுங்க,” என்றான். எபியைத் தவிர வேறொருவரிடம் இதை அவன் சொல்வது இதுதான் முதல் தடவை.

மௌனிகா சுவரில் சாய்ந்தாள். கோபம் இருந்தது அவள் முகத்தில். இருக்கத்தானே செய்யும். “அப்புறம் எதுக்குங்க இத்தனை தூரம் வந்தீங்க?” என்றாள். இயந்திரம் வேண்டாம் என்று சொல்லிவிடும் என நம்பியதைச் சொன்னான். கேட்க எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று சொல்லும்போதுதான் தெரிந்தது.

பிறகு அவன், தன்னையே கேட்டுக்கொள்கிற மாதிரி, இதெல்லாம் அதற்கு எப்படித் தெரிந்தது என்றான். தன் படிவத்தில் எபி என்ற பெயரே எழுதவில்லையே. போனையும் வங்கிக் கணக்கையும் ஒத்திகைக்காரர்கள் தொடக் கூடாது என்று சட்டமே இருக்கிறதே.

ஷமீனா காதில் விழுந்திருக்க வேண்டும். கிட்டே வந்தாள். “கட்டிக்கப் போறவங்க எழுதித் தர்றதை மெஷின் பாதிக்குமேல நம்பாதுங்க சார். எல்லாருமே தங்களைப் பத்தி நல்லாத்தான் எழுதுவாங்க. மூத்தவரை உண்டாக்கறது அம்மா எழுதித் தர்ற தாய்ப் படிவத்தை வெச்சுத்தான். முந்நூறு கேள்வி. பெத்தவங்க அளவுக்குப் பார்த்து வெச்சவங்க யாருமில்லையே. உங்கம்மா கூடுதல் தாள் வேற கேட்டு வாங்கினாங்க. முப்பத்தெட்டுத் தாள். எங்க மையத்துல இதுவரைக்கும் யாரும் அத்தனை எழுதினதில்லை.”

அம்மா அதைப் பரீட்சை என்றே நினைத்திருந்தாள். அது தரணீஷுக்குத் தெரியும். நிறைய எழுதினால் நிறைய மார்க் வரும் என்று பக்கத்து வீட்டு அக்கா வேறு சொல்லியிருந்தாள். பத்து நாள் மத்தியானத் தூக்கத்தை விட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். சம்பந்தப்பட்டவர் கேட்டால் காட்டலாம் என்று விதி இருந்தது. ஷமீனா தன் கைத்திரையில் எடுத்துக் கொடுத்தாள்.

அம்மாவின் உருண்டை எழுத்து. இருநூற்றுப் பதினாலாவது கேள்வி, உங்கள் மகன் யாரிடம் மிகவும் இயல்பாக இருக்கிறார் என்பது. விடைக்கு இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். அம்மா ஆறு தாள் எழுதியிருந்தாள்.

‘எபி வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு முறை சட்டை மாற்றுவான். வண்டிச் சத்தம் கேட்டதும் வாசலுக்குப் போவான். போய்விட்டு ஏதோ வேலையாக வந்த மாதிரி நிற்பான். அன்றைக்கு இரண்டு தோசை அதிகம் சாப்பிடுவான். எபியிடம் பேசி முடித்த பிறகும் போனைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருப்பான். எபிக்கு டைபாய்டு வந்தபோது இவனுக்கு நாலு கிலோ குறைந்தது. எபி கிளம்பிப் போன பிறகு சாயங்காலம் வரை யாரோடும் பேச மாட்டான். நானும் பேச்சுக் கொடுக்க மாட்டேன்.’

அடுத்த தாளைத் திருப்ப அவனால் முடியவில்லை. பக்கத்திலிருந்து மௌனிகாவும் படித்தாள். அவள் கோபம் எங்கேயோ தணிந்திருந்தது. கைத்திரையை வாங்கி ஷமீனாவிடம் அவளே கொடுத்தாள்.

“நான் போய் எனக்குப் பிடிக்கலைன்னு சொல்லிடறேங்க,” என்றாள். “உங்க பேரு வெளிய வராது. நீங்க உங்க வீட்டுல மெதுவாப் பேசிக்கங்க.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். ஒரு கணம், ஒரே ஒரு கணம், நெஞ்சில் இருந்த பாரம் முழுவதும் இறங்கியது. அவன் எதிர்பார்த்ததே இதுதான். யாராவது ஒருவர் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

“தொண்ணூத்திரண்டு வந்த மாப்பிள்ளையை வேண்டாம்னா, உங்களை என்ன சொல்லுவாங்க?” என்று கேட்டான்.

“பொண்ணுகிட்ட ஏதோ இருக்குதும்பாங்க. வேற என்ன சொல்லுவாங்க? அடுத்து வர்றவங்க கொஞ்சம் யோசிப்பாங்க.” அவள் சிரிக்கப் பார்த்தாள். “எனக்குப் பழக்கந்தானுங்க. போர் போட்டுத் தண்ணி வரலைன்னாலும் என்னையத்தான் சொல்லுவாங்க.”

பொண்ணுகிட்ட ஏதோ குறை. அதையே முப்பது வருடம் நினைத்துக்கொண்டு கண்ணாடி துடைத்தவளைச் சற்றுமுன்தான் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

“வேண்டாங்க,” என்றான். “இதை நான்தான் சொல்லணும். அஞ்சு நிமிசம் கழிச்சு உள்ள வாங்க.”

கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் அம்மா தனியாக இருந்தாள். பூ, பழம், வெற்றிலை எல்லாம் தட்டில் ஏற்கெனவே அடுக்கியாகியிருந்தது. ஆனாலும் ஒரு ஆப்பிளை எடுத்து வேறு இடத்தில் வைத்தாள், மறுபடியும் பழைய இடத்தில் வைத்தாள். இவன் உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் கை நின்றது.

“நீங்க எழுதினதைப் படிச்சேன்மா,” என்றான். “இருநூத்திப் பதினாலு.”

அம்மா உட்கார்ந்தாள். வெளியே அப்பா யாரிடமோ உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“எழுதறப்ப ஒண்ணும் தெரியலை கண்ணு. கேட்டிருக்காங்க, தெரிஞ்சதை எழுதறோம்னுதான் எழுதினேன். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி மொதல்ல இருந்து ஒருக்காப் படிச்சுப் பார்த்தேன். அப்பத்தான் தெரிஞ்சுது.” முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள். “அடுப்புல பால் பொங்கி வழிஞ்சு அணைஞ்சே போச்சு. நான் அங்கயே உட்கார்ந்திருந்தேன்.”

“தெரிஞ்சப்புறம் ஏன்மா கொடுத்தீங்க? கிழிச்சுப் போட்டிருக்கலாமில்ல?”

அவள் முந்தானை நுனியை விரலிலிருந்து பிரித்தாள்.

“அதையெல்லாம் படிச்சுட்டு மெஷின் வேண்டாம்னு சொல்லிரும்னு நினைச்சேன் சாமி. முப்பது நாப்பதுன்னு வந்துரும், உங்கப்பாவும் அடங்கிருவாரு, நானும் உன்னைக் கேட்க வேண்டியதில்லை, நீயும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லைன்னு. அதுக்காகத்தான் ஒண்ணு விடாம எழுதினதை எழுதினபடியே கொடுத்தேன்.” அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “தொண்ணூத்திரண்டுன்னாங்க. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலை. எல்லாரும் சிரிக்கறாங்க. போய் லட்டுப் பிடிச்சேன்.”

தரணீஷ் அவள் முன் தரையில் உட்கார்ந்தான். அழ வேண்டும் போலவும் சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது. ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு, இரண்டு பேரும் ஒரே இயந்திரத்தை நம்பிக் காத்திருந்திருக்கிறார்கள். அதுவோ இரண்டு பேரும் எழுதியதைக் கவனமாகப் படித்துவிட்டு, இவர்கள் பிரிய மாட்டார்கள், இப்படியே வாய் திறக்காமல் நாற்பது வருடம் ஓட்டிவிடுவார்கள் என்று சரியாகவே சொல்லிவிட்டது.

“அந்தப் பொண்ணு பாவம்மா,” என்றான்.

“தெரியும். அதுதான் நாலு நாளாத் தூக்கமில்லை.” எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். “நான் போய்ச் சொல்லட்டுமா?”

“வேண்டாம். நீங்க கூட வந்து நில்லுங்க போதும்.”

கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். மௌனிகா அவள் அப்பாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள், நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். ஷமீனா சம்மதம் கேட்க எழுந்தவள், அவன் முகத்தைப் பார்த்து மறுபடி உட்கார்ந்துவிட்டாள். தரணீஷுக்கு வாசல் கதவு கண்ணில் பட்டது. கார்ச் சாவி சட்டைப் பையில்தான் இருந்தது. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அப்பா, சொல்லு சொல்லு என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

அவன் தங்கவேலைப் பார்த்துக் கைகூப்பினான். “மன்னிச்சுக்கங்க. இந்தக் கல்யாணம் வேண்டாங்க. உங்க பொண்ணுகிட்ட ஒரு குறையும் இல்லைங்க. எல்லாரும் கேட்கச் சொல்றேன், ஒரு குறையும் இல்லை. குறை என்கிட்ட...”

“குறைன்னு சொல்லாத.” பின்னாலிருந்து அம்மாவின் குரல். சன்னமாகத்தான் இருந்தது, ஆனால் கூடம் முழுவதும் கேட்டது. “இருக்கறதை மட்டும் சொல்லு.”

அவன் சொன்னான். தனக்குப் பெண்கள் மேல் ஆசை வருவதில்லை, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், தான் விரும்புகிற ஒருவர் இருக்கிறார், அவரும் ஆண்தான், ஏழு வருடமாக. நாலு வாக்கியம்தான். பதினேழு வருடமாக நாக்குக்கு அடியில் வைத்திருந்ததைச் சொல்லி முடிக்க அரை நிமிடம் போதுமாக இருந்தது.

யாரும் அசையவில்லை. உடுமலைச் சித்தப்பா மட்டும் எதையோ சொல்ல ஆரம்பித்து, சித்தி தொடையில் கிள்ளியதும் நிறுத்திக்கொண்டார். தங்கவேல் மகளைப் பார்த்தார். மௌனிகா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, போகலாம் என்று கண்ணால் சொன்னாள். ஆனால் அவரும் எழவில்லை. எல்லோர் கண்ணும் ரங்கராஜ் மேல் இருந்தது.

அப்பாவின் முகத்தில் சிரிப்பு இன்னும் முழுதாக அழியவில்லை. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாதவர் போல இருந்தார். மகனைப் பார்த்தார். அவனுக்குப் பின்னால் நின்ற மனைவியைப் பார்த்தார். கடைசியில், வறண்ட குரலில் ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

“யாரு?”

தரணீஷ் வாயைத் திறப்பதற்குள் அம்மா முன்னால் வந்து அவன் தோளுக்குப் பக்கத்தில் நின்றாள்.

“நம்ம எபிங்க,” என்றாள்.